அஷாபி வாய் மூடியிருந்த ஏழு நாள்

அஷாபி முப்பத்து நான்கு வருடமாகத் தன் பிறந்த வீட்டுக்கு ஒரு புது மருமகள் வரவேண்டும் என்று காத்திருந்தாள். கல்யாணம் ஆகாமல் லாரி ஓட்டிக்கொண்டு திரிந்த தம்பி அகான்னியின் மேல் உள்ள பாசத்தால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு ஒரு புதுப் பெயர் வேண்டியிருந்தது.

இசேயின் என்ற அந்த ஊரில் மருமகளாக வருகிறவள், தான் வருவதற்கு முன் அந்த வீட்டில் பிறந்த யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அது மூக்கு ஒழுகும் பொடியனாக இருந்தாலும் சரி. வீட்டில் பிறந்தவர்கள் எல்லோரும் அவளுக்குப் புருஷன் முறை, நாத்தனார் உட்பட. அதனால் ஆளைப் பார்த்து, குணத்தைப் பார்த்து, அவளே ஆளுக்கொரு பெயர் வைப்பாள். வைத்தது வைத்ததுதான். ஆளுக்குத் தலை நரைத்து, பல் விழுந்து, பேரன் பேத்தி எடுத்தாலும் அந்தப் பெயர் உதிராது.

மூத்த அண்ணனின் மனைவி இயா சேயி, அதாவது சேயியின் அம்மா, இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு இருபது வயது. பதினொரு வயது அகான்னிக்கு அவள் 'குட்டி ராஜா' என்று பெயர் வைத்தாள். இன்று அந்தக் குட்டி ராஜாவுக்கு நாற்பத்தைந்து வயது, லாரி ஸ்டீயரிங்கில் முட்டும் தொப்பை. அப்போது அஷாபிக்குப் பதினான்கு. மணப்பெண் வாசலில் கால் வைத்ததிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் அஷாபி கேட்ட கேள்விகள் நூறு இருக்கும். உன் வீட்டில் எத்தனை ஆடு, ஏன் உன் இடது கால் செருப்பு மட்டும் தேய்ந்திருக்கிறது, எங்கள் அண்ணன் குறட்டை விடுவான் தெரியுமா, இப்படி. இயா சேயி அதிகம் யோசிக்கவில்லை. 'ஓயாவாய்' என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பெயர் வீட்டோடு நிற்கவில்லை. தெருவுக்குப் போனது, சந்தைக்குப் போனது. அஷாபி கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய், புருஷன் செத்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தபோது, அது வாசலிலேயே காத்திருந்தது. சந்தையில் வெண்டைக்காய் வாங்க வரும் சின்னப் பெண்கள்கூட, "ஓயாவாய் அம்மா, இன்னைக்குக் காய் எப்படி?" என்று கேட்டார்கள். அம்மா என்று சேர்த்துக்கொண்டால் மரியாதை வந்துவிடுமா? சிரித்துக்கொண்டே காயைக் கொடுப்பாள். உள்ளே குத்தும்.

இப்போது அகான்னி ஒருவழியாகக் கல்யாணம் செய்துகொண்டான். லாரி நிற்கும் ஏதோ ஓர் ஊரில் புகைபோட்ட மீன் விற்றுக்கொண்டிருந்த ஐனா, முப்பத்தைந்து வயது, கடலோரத்துக்காரி. அந்த வீட்டு வழக்கப்படி, வந்த எட்டாம் நாள் மருமகள் தனியாக நின்று எல்லோருக்கும் சமைக்க வேண்டும். பிறகு பானைக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, தான் வைத்த பெயரைச் சொல்லி ஒவ்வொருவராகச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட பெயருக்கு எழுந்துபோய்த் தட்டை வாங்கிவிட்டால் தீர்ந்தது. இனி இந்த வீட்டில் கல்யாணம் செய்துகொள்ள ஆண்பிள்ளை மிச்சமில்லை. இயா சேயியின் மகன் சேயிகூட ஊரைவிட்டுப் போய் வெளிநாட்டில் குடும்பம் நடத்துகிறான். அஷாபிக்கு இது ஒன்றுதான் வாய்ப்பு.

அவள் உட்கார்ந்து யோசித்தாள். பெயரைக் கெடுத்தது வாய். ஆகவே வாயை மூட வேண்டும். ஏழே நாள். அதோடு மணப்பெண்ணுக்கு நல்லது செய்ய வேண்டும். தன்னிடம் உள்ளதில் நல்லது எது? வெண்டைக்காய்தான்.

வீட்டுக்குப் பின்னால் அவள் போட்டிருந்த வெண்டை, மழை நன்றாகப் பிடித்ததால் அந்த வருடம் ஆள் உயரத்துக்கு நின்றது. விடிந்ததும் செத்துப்போன புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்குவாள். சட்டை இல்லாமல் போனால் சுனை கையெல்லாம் ஏறி மத்தியானம் வரை சொறிய வேண்டும். மஞ்சள் பூ விரிந்து, அதன் நடுவில் கருஞ்சிவப்பு தெரியும் நேரம் அது. இலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, விரல் நீளத்துக்கு மேல் போகாத பிஞ்சாக நறுக்குவாள். நேற்று விட்டது இன்று சரி. இன்று விட்டால் நாளை மறுநாள் விறகு. இதில் அவளை ஏமாற்ற ஊரில் ஒரு செடி கிடையாது.

முதல் நாள் ஒரு சுளகு நிறையப் பிஞ்சைக் கொண்டுபோய் ஐனாவின் முன்னால் வைத்தாள். ஐனா முழங்காலிட்டு வாங்கிக்கொண்டாள். அஷாபி புன்னகை செய்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி நாலடி நடந்தவள், சரக் சரக் என்று சத்தம் கேட்டுப் பார்த்தாள். அந்தப் பெண் வெண்டைக்காயைப் பெருவிரல் தடிமனுக்கு வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த ஊரில் வெண்டைக்காயைப் பொடிப்பொடியாகக் கொத்துவார்கள். அதற்கப்புறம் இன்னும் கொத்துவார்கள். கொதிநீரில் போட்டு, ஈர்க்குக் கட்டால் அடித்து, வழுவழுப்பைக் கூட்டும் சாம்பல் நிறக் காவுன் உப்புக்கல்லில் ஒரு துணுக்குப் போட்டு, குழம்பு நூலாக இழுபட வேண்டும். கிழங்கு மாவுக் களியான அமாலாவை உருண்டை பிடித்துத் தொட்டுத் தூக்கினால் தட்டிலிருந்து வாய் வரைக்கும் இழை அறாமல் வர வேண்டும். கிண்ணத்தின் விளிம்பில் ஒரு சுழற்று சுழற்றித்தான் அதை அறுக்க வேண்டும். வட்டம் வட்டமாக வெட்டினால் அந்த இழைக்கு எங்கே போவது? அஷாபி நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் இன்னும் மோசம். ஐனா வெட்டிய பிறகு காயைத் தண்ணீரில் போட்டு அலசினாள். அருமையான வழுவழுப்பெல்லாம் வாய்க்காலில் போனது. பிறகு மீன், இறால், மிளகாய், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே பானையில் தள்ளி, கடலோரத்துப் பழக்கப்படி இறக்கிவைத்தாள். அகான்னி ரசித்துத்தான் சாப்பிட்டான். புது மாப்பிள்ளை, கல்லைக் கொடுத்தாலும் சாப்பிடுவான்.

இயா சேயி கிணற்றடியில் அஷாபியைப் பிடித்தாள்.

"என்ன புருஷரே, பல்லு வலியா?"

அஷாபி இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்புறம் என்ன? மூணு நாளா வீடு வீடாவே இல்ல. கோழிகூடத் தேடுது உங்க சத்தத்த. உடம்புக்கு ஏதாவதுன்னா சொல்லுங்க, குட்டி ராஜாவ விட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா! ஓயாவாய் ஒரே வார்த்தையில பதில் சொல்றத நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன்." இயா சேயி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். நிஜமாகவே பயந்துவிட்டாள்.

சந்தையில் மட்டும் அஷாபி கட்டை அவிழ்த்துவிட்டாள். பக்கத்தில் மிளகாய் விற்கும் சரியுதான் எல்லாவற்றையும் கேட்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் காயின் நுனியைச் சடக்கென்று ஒடித்து ஒடித்துப் பிஞ்சா என்று பார்த்துக்கொண்டிருக்க, அஷாபி அவர்களைத் திட்டக்கூட நேரமில்லாமல் புலம்பினாள்.

"அலசறாடி! வெட்டினப்புறம் அலசறா! என் காய, என் கண்ணு முன்னாடி!"

"சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே?"

"சொன்னா என்ன பேர் வைப்பா? யோசிச்சுப் பாரு. ஒருத்தி ஓயாவாய்னா. இவ என்ன வைப்பா? 'தட்டுன தகரம்'னு வைப்பா. 'மாமியாருக்கு மாமியார்'னு வைப்பா. இன்னும் நாலே நாள் சரியு. பல்லக் கடிச்சிட்டு இருந்துட்டேன்னா எனக்கு 'பூமனசு'ன்னோ 'தங்கக்கை'ன்னோ ஒரு பேரு. போதும். சாகறப்போ அந்தப் பேர்ல அழட்டும் எல்லாரும்."

"நீ செத்தா நாங்க அழறதுக்கு முன்னாடி நீயே எழுந்து, எப்படி அழணும்னு சொல்லிக்கொடுப்ப," என்றாள் சரியு. அஷாபி அவள் மேல் ஒரு முற்றிய காயை எடுத்து எறிந்தாள்.

ஆறாம் நாள் காலையில் ஐனாவே வந்தாள். தோட்டத்து ஓரத்தில் நின்று, முழங்காலிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"காய் ரொம்ப நல்லாருக்குங்க. நாளன்னைக்கு எல்லாருக்கும் சமைக்கணும். வெண்டைக்காய்தான் வைக்கலாம்னு இருக்கேன். இந்த வீட்டுல எப்படி வைப்பீங்க?"

கடவுளே, என்ன கேள்வி! அதற்கு விடை சொல்ல ஆரம்பித்தால் அஷாபிக்கு மத்தியானம் ஆகும். காயைப் பறிக்கும் நேரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வார்த்தைகள் தொண்டை வரை வந்து முண்டியடித்தன. அஷாபி ஒரு கையால் செடியைப் பிடித்துக்கொண்டாள். இதுதான் சோதனை, இதில் தோற்றால் ஆறு நாள் பட்ட பாடும் வீண் என்று நினைத்தாள்.

"உன் இஷ்டம்," என்றாள்.

ஐனா எழுந்தாள். முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் முகம் சுருங்கியதை அஷாபி பார்க்கவில்லை; தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் காலையில் மேகமூட்டம். நடு முற்றத்தில் மூன்று கல் கூட்டி, ஊருக்கே சோறு போடும் அளவுக்குப் பெரிய பானையை ஏற்றியிருந்தார்கள். அன்றைக்கு அடுப்பின் பக்கம் வீட்டுப் பெண்கள் யாரும் போகக்கூடாது, எதையும் சொல்லக்கூடாது. எல்லோரும் சுவரோரம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். லாகோஸிலிருந்து மூத்த அக்கா வந்திருந்தாள், சென்ட் வாசனையோடு. பெரியண்ணன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா வீட்டு ஆட்கள், அவர்கள் பிள்ளைகள், கிட்டத்தட்ட முப்பது பேர்.

அஷாபி கண்ணை ஊன்றிப் பார்த்தாள். ஆச்சரியம். ஐனா காயைப் பொடியாகக் கொத்தியிருந்தாள். இயா சேயி சமைப்பதை எங்கோ ஒளிந்து பார்த்திருக்க வேண்டும். இந்த வீட்டு முறையிலேயே வைத்து இந்த வீட்டாரை மகிழ்விக்கப் பார்க்கிறாள் பாவம். ஈர்க்குக் கட்டால் அடித்தாள், அதுவும் சுமாராக. பானைக்குள் பச்சையாய்க் குழம்பு எழும்பியது. அஷாபிக்கு அவள் மேல் முதல் தடவையாக ஒரு பிரியம் வந்தது.

அப்போது தூறல் போட ஆரம்பித்தது. ஐனா பதறினாள். இடது கையால் பானை மூடியை எடுத்தாள். வலது கையில் காவுன் கல் இருந்தது. துணுக்கு இல்லை, முழுக் கல், எலுமிச்சம்பழம் அளவுக்கு. அதைப் போட்டு, மூடியும் வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. மூடி போட்ட வெண்டைக்காய்க் குழம்பு இழை அற்றுத் தண்ணீராகிவிடும். கல்லோ அதைக் கசப்பாக்கி, முப்பது பேரையும் சாயங்காலம் வரை கொல்லைக்கு ஓட வைக்கும். மருமகளின் முதல் சமையல் அது. அந்தக் கதை அவள் செத்த பிறகும் இந்தத் தெருவில் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

அஷாபி இருபக்கமும் பார்த்தாள். இயா சேயி பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் இன்னும் கால் மணி நேரத்தில் ஒரு நல்ல பெயர். முப்பத்து நான்கு வருடக் காத்திருப்பு.

"அடியே! மூடாதடி!"

பெரியண்ணன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அஷாபி பாயைத் தாண்டி, பிள்ளைகளைத் தாண்டி, அடுப்படியில் போய் நின்றாள். ஏழு நாள் அடைத்துவைத்தது மொத்தமும் உடைப்பெடுத்தது.

"மூடிய கீழ வை! மூடினா செத்துப்போயிடும்டி காய்! அந்தக் கல்லக் குடு, இவ்வளவா போடுவாங்க? இவ்ளோவா? நக நுனி அளவு போதும், நக நுனி! மழையா? மழைக்கு மூடிதான் கெடச்சுதா? ஏ குட்டி ராஜா, என்ன மரம் மாதிரி நிக்கிற, அந்தத் தார்ப்பாய எடுத்துட்டு வந்து மேல பிடி! லாரிக்குப் பிடிப்ப, பொண்டாட்டிக்குப் பிடிக்கமாட்டியா? கிண்டு, கிண்டு, ஒரே பக்கமா கிண்டு. கைய மாத்தாத. வெட்டினப்புறம் ஏன்டி அலசற நீ? மூணாவது நாள் அலசினியே, எனக்கு அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல. காய மொதல்ல கழுவித் தொடைக்கணும், அப்புறந்தான் கத்தி. நுனிய நறுக்கிப் பாரு, சடக்குனு வந்தாப் பிஞ்சு. புளிக்கவச்ச ஈருக் கொட்டையக் கடைசில போடு, முன்னாடி போட்டா மணம் போயிடும்..."

தார்ப்பாயின் கீழே குழம்பு தளதளவென்று எழுந்தது. அஷாபி அகப்பையைத் தூக்கிப் பார்த்தாள். இழை அறாமல் முழம் நீளத்துக்கு இறங்கியது. அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்போதுதான் முற்றமே வாயடைத்துப்போய்த் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. ஐனா தலையைக் குனிந்துகொண்டு கிண்டினாள். அவள் உதடு இறுகியிருந்தது.

போச்சு. அஷாபி மெல்லப் பின்வாங்கி, பாயின் கடைசியில் போய் உட்கார்ந்தாள்.

தூறல் விட்டது. ஐனா பானையருகே முழங்காலிட்டுப் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். பெரியண்ணன் 'மெதுநடை' ஆனார், எழுந்துவந்த விதத்தில் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். லாகோஸ் அக்காவுக்கு 'முன்வரும் வாசனை' என்று வந்தது. அவளுக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல், சிரிப்பு. கடைசியில் அஷாபி ஒருத்திதான் மிச்சம்.

ஐனா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே ஒரு பேர் எடுத்து வச்சிட்டேன்," என்றாள். "'கல்முகம்'னு."

யாரும் சிரிக்கவில்லை. அஷாபி பாயின் ஓரத்தைப் பிய்த்தாள்.

"இயா சேயி உங்கள ஓயாவாய்னு கூப்பிடறாங்க. ஊரே சொல்லுது, அவங்க ஆட்டுக்குட்டியக்கூட நிறுத்தி வச்சு அரை நாள் பேசுவாங்கன்னு. என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை இல்ல. தினம் வருவீங்க, காய வைப்பீங்க, போயிடுவீங்க. நான் வாய் விட்டுக் கேட்டப்பக்கூட, உன் இஷ்டம்னீங்க. இவங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகலன்னு நெனச்சேன். ஊருக்கே திரும்பிப் போயிடலாமான்னு இவர்கிட்ட கேட்டு அழுதேன்."

அகான்னி தார்ப்பாயை மடித்தபடி தலையசைத்தான்.

"அடிப்பாவி!" அஷாபி எழுந்தே விட்டாள். "உன்கிட்ட ஒரு நல்ல பேர் வாங்கணும்னுதான்டி வாய மூடிட்டு இருந்தேன்! ஏழு நாளு! எனக்குக் காய்ச்சலே வந்துடுச்சு! சரியுவக் கேளு!"

முதலில் சிரித்தது இயா சேயிதான். பாயில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு முற்றம் முழுக்கச் சிரித்தது. ஐனா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், அதில் இருந்த மிளகாய் பட்டு இன்னும் அழுதாள்.

"அப்ப அந்தக் கல்முகம்?" என்று அஷாபி பயந்துகொண்டே கேட்டாள்.

"அது எப்படிங்க வைக்க முடியும்? இன்னைக்குத்தான் உங்கள மொத தடவையாப் பார்க்கறேன்." ஐனா கடைசித் தட்டை எடுத்து, அமாலா வைத்து, குழம்பு ஊற்றினாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இரண்டு கையாலும் தட்டை நீட்டிக் கூப்பிட்டாள்.

"பக்கத்திலிரு."

அஷாபிக்கு ஒரு நிமிடம் அது பெயர் என்று புரியவில்லை. புரிந்ததும் பாயைத் தாண்டிப் பானையருகே வந்தாள். இனி சாகும்வரை இந்தப் பெண் எப்போது கூப்பிட்டாலும், கிணற்றடியிலிருந்தோ சந்தையிலிருந்தோ கோபத்திலோ எதற்காகக் கூப்பிட்டாலும், அவள் வாயிலிருந்து இந்த வார்த்தைதான் வரும். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ நல்ல பெயர்களை அஷாபி தனக்குத்தானே வைத்துப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"வந்துட்டேன்," என்றாள்.

தட்டை வாங்கிக்கொண்டு பாய்க்குத் திரும்பவில்லை. சேலைபோல் சுற்றியிருந்த துணியைச் சரி செய்துகொண்டு, அடுப்புக் கல் ஓரமாக ஐனாவின் தோளில் தோள் படும்படி உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்துச் சுழற்றி அறுத்துப் போட்டுக்கொண்டாள். குழம்பு பிரமாதம். உப்பு மட்டும் ஒரு கல் குறைவு. அதையும் சொன்னாள்.